இடைக்கால ராணியா?

சென்ற மாதம் நம் சங்கத்தார் பொன்முடி சென்றபோது, வழியில் கல்லாற்றங்கரையில் கட்டுச்சோறு பிரித்தோம். "சித்திரைத் திருநாள் மகாராஜாவுக்கு முன் திருவிதாங்கூரை ஆண்டவர் யார்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். "ஸ்ரீமூலம் திருநாள்" என்றார் ஒரு பெரியவர். நடுவில் ஏழாண்டு ஆண்ட சேது லட்சுமி பாயின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு மனம் உறுத்தியது.

மன்னர் சிறுவராக இருந்ததால் 1924 முதல் 1931 வரை அவர் சார்பில் ரீஜண்டாக ஆண்டவர் இந்த அம்மையார். அவர் பொறுப்பேற்ற வேளையில்தான் வைக்கம் போராட்டக் கைதிகள் விடுதலையாயினர். தந்தை பெரியாரும் அவர்களுள் ஒருவர். 1925-இல் காந்தியடிகள் வர்க்கலையில் அவரைச் சந்தித்துப் பேசினார். அரசுக் கோயில்களில் உயிர்ப்பலியை நிறுத்தினார். தேவதாசி முறையை ஒழித்தார். 1928-இல் பொதுச்சாலைகளை எல்லாச் சாதியாருக்கும் திறக்க உத்தரவிட்டார்.

கோயில் கதவை அவர் திறக்கவில்லை என்பது உண்மையே. அப்பெருமை 1936-இல் சித்திரைத் திருநாளுக்கு வாய்த்தது. ஆனால் தெருவே திறவாதபோது கோயில் வாசலை அடைவது எப்படி?

"நான் தற்காலிகம்தானே" என்று கோப்பைத் தள்ளி வைப்பவர்களை நாம் எங்கும் பார்க்கிறோம். நாற்காலி தமக்குரியதல்ல என்று தெரிந்தும் வேலையைத் தள்ளிப்போடாதவர் அவர். அவர் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம்.