ஐம்பத்தேழு கிலோமீட்டரும் கடைசி இரண்டும்

ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள். சிப்பாங் விமான நிலையத்திலிருந்து பட்டணத்துக்கு எப்படி வருவது என்று கேட்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் வழி சொல்வதில்லை. “நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க, நான் வந்து ஏத்திக்கிறேன்” என்றுதான் சொல்வோம். அது நம் பண்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். நெடுஞ்சாலை வழியாக நேராக வீடு. மறுநாள் காரிலேயே பத்துமலை. அடுத்த நாள் இரட்டைக் கோபுரம், அதற்கடுத்து கெந்திங். ஒரு வாரம் கழித்து மீண்டும் அதே நெடுஞ்சாலை. வந்தவர் கோலாலம்பூரைப் பார்த்தார். கோலாலம்பூர் பிறந்த இடத்தைப் பார்க்கவில்லை. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் கூடுதுறையைத்தான் சொல்கிறேன். ‘கோல’ என்றால் ஆறுகள் கூடும் இடம், ‘லும்பூர்’ என்றால் சேறு. ஊரின் பெயரே அந்த இடத்தின் பெயர்தான்.

விமான நிலையத்திலிருந்து அந்த ஆற்றங்கரைக்குக் கார் இல்லாமல் போவது எப்படி? நடைமுறைக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

விரைவாகப் போக வேண்டுமென்றால் கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ். 2002 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய இந்த ரயில், 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடந்து கே.எல். சென்ட்ரலில் இறக்கிவிடும். திருச்சியிலிருந்து ஏர் ஏசியாவில் வருகிறவர்கள் இறங்குவது இரண்டாம் முனையத்தில். அங்கிருந்து 33 நிமிடம். பெரியவர் ஒருவருக்கு 55 வெள்ளி. நிறுவனம் பயணச் செலவைக் கொடுக்கும் இளைஞருக்கு இது யோசிக்க வேண்டாத தொகை. அப்பா, அம்மா, இரண்டு பெரிய பிள்ளைகள் என்று நாலு பேர் வந்தால் 220 வெள்ளி. நாலு பேருக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரு கிரேப் கார் பிடித்தால், நெரிசல் இல்லாத நேரத்தில் பெரும்பாலும் அதில் பாதிக்குள் முடிந்துவிடும்.

பேருந்து இன்னும் மலிவு. ஆளுக்கு ஏறக்குறைய 15 வெள்ளி, ஒரு மணி நேரப் பயணம். அதுவும் கே.எல். சென்ட்ரலுக்கே வரும். வழியில் விபத்தோ பெருமழையோ இருந்தால் மட்டும் அந்த ஒரு மணி நேரத்தை நம்பக்கூடாது.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. அதே தண்டவாளத்தில் நின்று நின்று போகும் கே.எல்.ஐ.ஏ. டிரான்சிட் ரயிலில் ஏறி, பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கிவிடலாம். எக்ஸ்பிரஸைவிடக் கட்டணம் குறைவு. அங்கே ஸ்ரீ பெட்டாலிங் தடத்து எல்.ஆர்.டி.யில் ஏறினால், சென்ட்ரலைத் தொடாமலே நேராக மஸ்ஜிட் ஜாமெக் நிலையம். இறங்கி நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கூடுதுறை பக்கத்திலேயே இருக்கிறது.

கே.எல். சென்ட்ரலுக்கு வந்துவிட்டவர்களுக்கு மிச்சம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி.யில் அடுத்த நிலையம் பாசார் செனி, அதற்கடுத்தது மஸ்ஜிட் ஜாமெக். கட்டணம் சில்லறைக் காசு. ஆனால் பயணத்தின் சிரமம் முழுவதும் இந்த இரண்டு கிலோமீட்டரில்தான் இருக்கிறது. 57 கிலோமீட்டரைக் குளிர்சாதனப் பெட்டியில் உட்கார்ந்தபடி கடந்தவர், இங்கே பெட்டியை இழுத்துக்கொண்டு மின்படி ஏறி, பலகை பார்த்து, தடம் மாற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மின்தூக்கியைத் தேட வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் மனம் மாறி டாக்சி வரிசைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் என் யோசனை: சென்ட்ரலில் பெட்டி வைக்கும் லாக்கர் இருக்கிறது. அங்கே சுமையை இறக்கிவிட்டுக் கையை வீசிக்கொண்டு எல்.ஆர்.டி. ஏறுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு அங்கே எதற்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த நாட்டின் வாசல் மாறிக்கொண்டே வந்த கதையில் அதற்குப் பதில் இருக்கிறது.

1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா, ஈயம் தேட 87 சீனத் தொழிலாளர்களைப் படகில் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். படகு அதற்குமேல் போக முடியாத இடம் இந்தக் கூடுதுறை. இறங்கி அம்பாங் காட்டுக்கு நடந்தார்கள். முதல் மாதத்திலேயே காய்ச்சல் பெரும்பாலோரைக் கொண்டுபோய்விட, 18 பேர்தான் மிஞ்சினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அன்றைக்கு இந்த ஊரின் வாசல் ஆறுதான்.

1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்து புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடியது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வந்தது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாக ரஜூலா போன்ற கப்பல்கள் அங்கே வந்தன. தோட்டங்களுக்குப் போனவர்கள் பல திசைகளில் பிரிந்தார்கள். பட்டணத்துக்கு வந்தவர்களை ரயில் கொண்டுவந்து விட்டது ஆற்றங்கரையில் இருந்த கோலாலம்பூர் ரயில் நிலையத்தில். 1910இல் ஹப்பக் வடிவமைத்த, வெண்கோபுரங்கள் உள்ள அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

பிறகு வாசல் ஆகாயத்துக்கு மாறியது. முதலில் சுங்கை பீசி, 1965இல் சுபாங், 1998இல் சிப்பாங். ஒவ்வொரு முறையும் வாசல் ஆற்றைவிட்டு விலகிப் போனது. கப்பலில் வந்தவர் ரயிலை விட்டு இறங்கியதும் ஆற்றைப் பார்த்தார். விமானத்தில் வருகிறவர் செம்பனைத் தோட்டத்தைப் பார்க்கிறார், சாவடியைப் பார்க்கிறார், பிறகு நம் வீட்டுக் கதவைப் பார்க்கிறார்.

சில மாதங்களுக்கு முன் என் துணைவியாரின் சித்தி பவானியிலிருந்து வந்திருந்தார். எழுபது தாண்டியவர். அவருடைய அப்பா இங்கே ரயில்வேயில் வேலை பார்த்து, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, பிறகு ஊர் திரும்பியவர். “அப்பா சொன்ன டேசனையும் அந்த மாரியம்மன் கோயிலையும் பாத்தாப் போதுங்க மாப்பிள்ளை, வேற எதுவும் வேண்டாங்க” என்றார். அவரை எல்.ஆர்.டி.யில்தான் அழைத்துப் போனேன். பாசார் செனியில் இறங்கியதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய ரயில் நிலையத்தின் கோபுரங்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து மெதுவாக நடந்தாலும் சில நிமிடங்களில் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். தம்புசாமிப் பிள்ளையின் குடும்பத்தார் 1873இல் நிறுவியது. தைப்பூசத்துக்கு முருகனின் வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். கோயிலைத் தாண்டி ஆற்றுப் பக்கம் திரும்பினால் சென்ட்ரல் மார்க்கெட். 1888இல் ஈரச்சந்தையாகத் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1937இல் எழுந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தால் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த லெபோ அம்பாங்.

அப்புறம் கூடுதுறை. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே மூக்குபோல் நீண்ட நிலத்தில் 1909இல் கட்டப்பட்ட மஸ்ஜிட் ஜாமெக். ரயில் நிலையத்தைக் கட்டிய அதே ஹப்பக்கின் வடிவமைப்பு. ஆற்றை மீட்கும் திட்டத்தின் கீழ் 2017இல் இந்த இடத்தைப் புதுப்பித்து நடைபாதை போட்டார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் மஸ்ஜிட் இந்தியா. 1863இல் மரக்கட்டடமாகத் தொடங்கிய, தமிழ் முஸ்லிம்களின் தொழுகை இடம். அதைச் சுற்றித் துணிக்கடையும் நகைக்கடையுமாக நம் தீபாவளிச் சந்தை.

சித்தி ஆற்றின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். பவானிக்காரர் அல்லவா? காவிரியும் பவானியும் கூடும் இடத்தில் வளர்ந்தவர். “எங்கூர்க் கூடுதுறை மாதிரியே இருக்குதுங்க. தண்ணிதான் கலங்கலா இருக்குது” என்றார். பிறகு அவர் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. “எங்க பக்கத்து வீட்டுக்காரங்க மூணு தடவை மலேசியா வந்துட்டுப் போயிருக்காங்க. கடைகடையாப் போன கதை சொன்னாங்க. இப்படி ஒரு எடம் இருக்குதுன்னு சொல்லவே இல்லீங்களே?”

அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. காட்ட வேண்டிய நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கரையில் நின்றிருக்கிறார்கள்? பங்சாரிலும் சைபர்ஜெயாவிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் மஸ்ஜிட் ஜாமெக்கில் தினமும் தடம் மாறுகிறார்கள். நிலையத்தை விட்டு வெளியே வருவதில்லை. ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நம்மவர்களின் கோயில், பள்ளிவாசல், வட்டிக்கடைத் தெரு, வந்திறங்கிய ரயில் நிலையம் நான்கும் இருக்கின்றன. இந்த ஊரை எழுப்பியதில் நமக்கும் பங்கு உண்டு என்று மேடையில் பேசுகிறோம். அதற்குச் சாட்சி கேட்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட இதைவிடப் பக்கமான இடம் வேறு இல்லை.

பத்துமலைக்கு மட்டும் போனால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பத்துமலைக்குப் பெயர் தந்தது அதன் பக்கமாக ஓடும் பத்து ஆறு. அந்த ஆறு கோம்பாக்கில் கலந்து, இந்தக் கூடுதுறைக்கு வந்துதான் கிள்ளான் ஆற்றில் சேர்கிறது. ரதம் கோயிலில் தொடங்கி மலைக்குப் போகிறது. தண்ணீர் மலைப்பக்கமிருந்து கோயில் பக்கம் வருகிறது. மலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

ஆகவே விருந்தினருக்கு இப்படி ஒரு நாள் திட்டம் போடலாம். காலை எட்டு மணிக்குள், வெயில் ஏறுவதற்கு முன், பாசார் செனியில் இறங்குங்கள். கோயிலில் அர்ச்சனை, பக்கத்துக் கடையில் பசியாறல், ஆற்றங்கரை வழியே கூடுதுறை. வயதானவர்கள் இருந்தால் உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாசார் செனிக்கே திரும்பி, நடைபாலத்தில் ஆற்றைக் கடந்தால் பழைய கோலாலம்பூர் நிலையம். அங்கே கே.டி.எம். கொமுட்டரில் ஏறினால் நேராகப் பத்துமலை அடிவாரம். 2010 முதல் அந்த நிலையம் இயங்குகிறது. பயணம் ஏறக்குறைய அரை மணி நேரம், கட்டணம் சில வெள்ளிதான். ஆனால் ரயில் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணியோ ஒரு மணி நேரமோகூடக் காத்திருக்க நேரும். உச்சி வெயிலில் 272 படி ஏறுவதைத் தவிர்க்க வேண்டுமென்றால் ஆற்றங்கரையை விட்டு ஒன்பதரைக்குள் கிளம்பிவிடுங்கள்.

நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானமாக இருந்தால் ரயிலை நம்ப வேண்டாம். அன்றைக்கு மட்டும் காரில் போய் ஏற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, வந்தவர்களை எல்.ஆர்.டி.யில் ஏற்றுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள்.