இல்லாத வாகனத்துக்கு ஓர் ஏணி

"ராத்தா, இதுக்குள்ள ஆள் எப்பிடி ஏறுற?"

தரம் 4இல் படிக்கும் என் தங்கை கேட்ட இந்த ஒரு கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த மாமா எனக்கொரு பெட்டி கொண்டு வந்திருந்தார். விஞ்ஞானப் புனைகதைகளில் வருவது போன்ற ஆறு சக்கர வாகனம் ஒன்றின் பாகங்கள் அதற்குள் இருந்தன. வேறொரு கோளின் மண்ணில் ஓடுவதாகக் கற்பனை செய்யப்பட்ட வாகனம் அது. பாகங்களை வெட்டி எடுத்து ஒட்டினால் 35இல் ஒரு பங்கு அளவிலான மாதிரியுரு கிடைக்கும். இரண்டு நாட்களில் ஒட்டி முடித்து மேசையில் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் "வடிவா இருக்கு" என்றார்கள். தங்கை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு அப்படிக் கேட்டாள். அவள் கேட்டது சரிதான். வாகனத்தின் கதவு நிலத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தது. உண்மை அளவில் அது 175 சென்ரிமீற்றர். என் தலையையும் தாண்டிய உயரம். ஏறுவதற்கு ஒரு படிகூட இல்லை.

இல்லாத ஒரு வாகனத்துக்கு ஏணி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உம்மாவும் அப்படித்தான் கேட்டார். அந்த ஏணியைச் செய்யப் போய் நான் படித்தவை பல. அவற்றை வைத்து, நமது பாடசாலைகளில் மாதிரியுருக்கள் செய்யப்படும் முறை பற்றியும் அவற்றுக்குப் பரிசு வழங்கப்படும் முறை பற்றியும் ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் செய்த ஏணி தோல்வி. பிரிஸ்டல் போர்டை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, கண்மதிப்பில் 5 மில்லிமீற்றருக்கு ஒரு படி வைத்து ஒட்டினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் 5ஐ 35ஆல் பெருக்கிப் பார்த்தபோது படிகளுக்கிடையே 17.5 சென்ரிமீற்றர்தான் வந்தது. "இது பூனை ஏறுற ஏணி" என்று தங்கை சிரித்தாள். பிறகு வீட்டின் பின்புறம் தண்ணீர்த் தாங்கிக்கு ஏறும் ஏணியை அடிமட்டத்தால் அளந்தேன். படிக்குப் படி 30 சென்ரிமீற்றர். அதை 35ஆல் வகுத்தால் 8.6 மில்லிமீற்றர். 175 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஐந்து படிகள் போதும். விண்வெளி உடையில் இருப்பவரின் சப்பாத்து பெரிதாக இருக்கும் என்று யோசித்து அகலத்தை 45 சென்ரிமீற்றராக எடுத்தேன். மாதிரியுருவில் அது ஏறக்குறைய 13 மில்லிமீற்றர். கணித பாடத்தில் அளவிடைப் படம் வரைந்து புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் அளவிடை என்றால் என்ன என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

இரண்டாவது ஏணியின் படிகளுக்குப் பழைய தொலைபேசிக் கம்பியைப் பயன்படுத்தினேன். அதன் மேலுறையை உரித்தால் உள்ளே செப்புக் கம்பி இருக்கும். பக்கச் சட்டங்கள் யோகட் கோப்பையிலிருந்து வந்தவை. கோப்பையின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற இலக்கம் இருந்தால் அது பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக். இத்தகைய மாதிரியுருப் பெட்டிகளில் வரும் பாகங்களும் பெரும்பாலும் அதே வகைதான். ஆகவே அவற்றை ஒட்டும் பசை கோப்பைத் துண்டையும் பிடித்துக்கொள்ளும். வரைபுத்தாளின் மேல் சட்டங்களை ஒட்டி வைத்து, கோடுகளுக்கு நேராகக் கம்பிகளைச் சாவணத்தால் வைத்து, ஒவ்வொரு துளி சுப்பர் குளூ இட்டேன். நகவெட்டியால் ஓரங்களை நறுக்கினேன். மூன்று தடவை கோணலாக வந்து, நான்காவது தடவை சரியாக வந்தது. பசையின் நெடி தலைவலி தரும் என்பதால் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். பிளேட் பிடிக்கும் வேலையைத் தங்கைக்குக் கொடுக்கவில்லை.

அந்த ஏணியால் இன்னுமொரு நன்மை கிடைத்தது. இத்தகைய மாதிரியுருக்களின் அருகே சிறிய மனித உருவம் ஒன்றை வைப்பது வழக்கம். அதைப் பார்த்துத்தான் வாகனம் எவ்வளவு பெரியது என்று கண் தீர்மானிக்கிறது. எங்கள் வீட்டில் உருவப் பொம்மைகள் வைப்பதில்லை. ஆகவே பெட்டியில் வந்த விண்வெளி வீரரின் உருவத்தை நான் ஒட்டவில்லை. ஆனால் ஏணியைப் பொருத்திய பின் அது தேவைப்படவுமில்லை. ஐந்து படிகளையும் பார்த்தவுடன், ஏறப்போகும் மனிதரின் உயரம் தானாகவே மனதில் வந்துவிடுகிறது.

பெரிய திரைப்படங்களில் மாதிரியுரு செய்தவர்களும் இதே வழியைத்தான் பயன்படுத்தினார்கள். 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தின் தொடக்கத்தில் நம் தலைக்கு மேலாக நகரும் விண்கலம் கதைப்படி 1,600 மீற்றர் நீளமானது. படம் பிடிக்கப்பட்ட மாதிரியுருவோ ஏறக்குறைய 3 அடி. அதை அவ்வளவு பெரிதாக நம்ப வைத்தது அதன் மேற்பரப்பில் ஒட்டப்பட்ட நுண்ணிய பாகங்கள்தான். கடைகளில் விற்கப்படும் தாங்கி, விமானம், கப்பல் மாதிரியுருப் பெட்டிகளை உடைத்து அவற்றின் பாகங்களை எடுத்து ஒட்டினார்கள். மாதிரியுருப் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த கிரான்ட் மெக்யூன், அப்படத்தின் காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற குழுவில் ஒருவர்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு உண்டு. அவர்கள் ஒட்டிய ஒவ்வொரு துண்டும் எதற்கு என்று அவர்களுக்கே தெரியாதே, வெறும் தோற்றத்துக்குத்தானே ஒட்டினார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். திரையில் சில வினாடிகள் கடந்து போகும் பொருளுக்குத் தோற்றம் போதும். ஆனால் மேசையில் வைத்து, தங்கை போன்ற ஒருத்தி பத்து நிமிடம் உற்றுப் பார்க்கும் பொருளுக்கு அது போதாது. அவள் கேட்பாள். நான் பதில் சொல்ல வேண்டும்.

காரணத்தோடு சிந்தித்தவர்களும் இருந்தார்கள். 1956 முதல் 2008இல் கொழும்பில் காலமாகும் வரை நமது நாட்டிலேயே வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இயக்குநர் ஸ்டான்லி கியூப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய கதை '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'. 1968இல் அது படமாக வந்தது. அதில் வரும் 'டிஸ்கவரி' விண்கலத்தின் பெரிய மாதிரியுரு ஏறக்குறைய 54 அடி நீளமானது. விண்வெளியில் காற்று இல்லை. எனவே இயந்திரத்தின் வெப்பம் கதிர்வீசலால் மட்டுமே வெளியேற முடியும். அதற்காகக் கலத்தின் ஆரம்ப வடிவங்களில் பெரிய வெப்பத் தகடுகள் இருந்தன. பார்ப்பவர்கள் அவற்றைச் சிறகுகள் என எண்ணி, காற்றில்லாத இடத்தில் சிறகு எதற்கு என்று குழம்புவார்கள் என்பதால் அவை இறுதியில் நீக்கப்பட்டன. வைத்ததற்கும் காரணம் இருந்தது, எடுத்ததற்கும் காரணம் இருந்தது. ஒரு நுணுக்கத்தைச் சேர்க்க மட்டுமன்றி விடுவதற்கும் சிந்தனை வேண்டும் என்பதை இதிலிருந்து படித்தேன். என் வாகனத்தில் அழகுக்காக ஒட்டியிருந்த மூன்று குழாய்களைத் திரும்பப் பார்த்தேன். அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று எனக்கே தெரியவில்லை. மூன்றையும் கழற்றிவிட்டேன்.

சின்னஞ்சிறு பாகம்தானே என்று எண்ணுபவர்களுக்கு ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன். 1972 டிசம்பரில் அப்பலோ 17 பயணத்தின்போது விண்வெளி வீரர் யூஜின் சேர்னனின் சுத்தியல் பட்டு, சந்திரனில் ஓடிய வாகனத்தின் பின்பக்க மட்காட் ஒன்றின் நீட்சித் துண்டு உடைந்தது. சக்கரம் வாரி எறிந்த சந்திரத் தூசி வீரர்கள் மீதும் கருவிகள் மீதும் மழை போலக் கொட்டியது. அது கூரான தூசி. உடையைத் தேய்க்கும். மேற்பரப்பைக் கறுப்பாக்கி வெப்பத்தை ஏற்றும். கடைசியில் நான்கு வரைபடத் தாள்களை நாடாவால் ஒட்டி, இடுக்கிகளால் பிடித்து, தற்காலிக மட்காட் ஒன்றைச் செய்துகொண்டார்கள். இதை வாசித்த அன்றே என் ஆறு சக்கரங்களுக்கும் மட்காட் வைக்க முடிவு செய்தேன். பெட்டியில் அவை இல்லை. யோகட் கோப்பையின் அடிப்பகுதி வளைவு அதற்குச் சரியாக உதவியது.

இனி, நான் சொல்ல வந்த விடயம்.

தரம் 8இல் ஒரு கண்காட்சிக்காக நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மாதிரியுரு ஒன்றைக் கொண்டு போனேன். அதை நான் செய்யவில்லை. வாப்பா பணம் கொடுத்து ஓரிடத்தில் செய்வித்தார். ரெஜிபோம் தாங்கிகள், நீல நிறத் தண்ணீர், மின்குமிழ்கள் எல்லாம் பளபளத்தன. முதலாம் பரிசும் கிடைத்தது. பார்வையிட வந்த ஒரு பெரியவர் ஒரு குழாயைக் காட்டி, "மகள், இது எங்கேயிருந்து எங்கே போகுது?" என்று அன்பாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போனார். அங்கே ஒரு மாணவி பசை வழிந்த, சற்றுச் சரிந்த மாதிரியுரு ஒன்றை வைத்து மூச்சு விடாமல் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பரிசு இல்லை. என் சான்றிதழ் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழாய்தான் ஞாபகம் வருகிறது.

வாப்பாவை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை மற்றவர்கள் முன் தாழ்ந்துவிடக் கூடாது என்ற அன்பில்தான் அவர் அதைச் செய்தார். பெரும்பாலான பெற்றோர்கள் செய்வதும் அதுதான். ஆனால் பளபளப்புக்குப் பரிசு கொடுக்கும் வரை இந்த வழக்கம் நிற்காது. பணம் உள்ள வீட்டுப் பிள்ளை பரிசு பெறுவாள். தானே செய்த பிள்ளை, தன் கையால் செய்தது மட்டமானது என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புவாள். இரண்டு பேருக்குமே இது அநீதி.

ஆகவே மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். முதலாவது, கண்காட்சியில் ஒவ்வொரு மாதிரியுருவுக்கும் பக்கத்தில் மாணவி தன் கையெழுத்தில் எழுதிய ஒரு தாள் இருக்க வேண்டும். என்ன அளவிடை, எந்தப் பொருட்களால் செய்தது, எது முதலில் பிழைத்தது, எப்படித் திருத்தினேன் என்பவை அதில் இருக்கட்டும். இரண்டாவது, நடுவர்கள் எந்த மாதிரியுருவிலும் மிகச் சிறிய பாகத்தைத் தொட்டுக் காட்டி, "இது எதற்கு?" என்று கேட்கட்டும். அந்தப் பதிலுக்கே கூடிய புள்ளி. மூன்றாவது, உண்மையில் உள்ள பொருட்களோடு, இல்லாத பொருட்களையும் செய்ய அனுமதிக்க வேண்டும். உள்ள பொருளைப் படத்தைப் பார்த்து நகல் எடுத்துவிடலாம். இல்லாத வாகனத்துக்கு நகல் எடுக்கப் படம் கிடையாது. ஏணி எங்கே, கைப்பிடி எங்கே, தூசி எங்கே போகும் என்று செய்பவளே யோசித்தாக வேண்டும்.

"படிக்கிற நேரத்தில் இதெல்லாம் தேவையா?" என்று சில பெற்றோர்கள் கேட்பார்கள். ஏப்ரல் விடுமுறையில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் நான் இதற்குச் செலவிட்டேன். பெட்டி மாமா தந்தது. நான் சேர்த்த பாகங்களுக்கோ பசையைத் தவிர வேறு செலவே இல்லை. அந்த நேரத்தில் விகிதத்தையும் வெப்ப இடமாற்றத்தையும் பொறுமையையும் ஒன்றாகப் படித்தேன். "இது ஆம்பிளப் பிள்ளைகள்ட விளையாட்டு" என்று சொன்ன ஓர் உறவினருக்கும் ஒரு பதில் உண்டு. உம்மாவின் தையல் பெட்டியிலிருந்த ஊசிதான் என் வாகனத்தின் தகட்டுக் கோடுகளைக் கீறியது. மணி கோர்த்துப் பழகிய விரல்களுக்கு 13 மில்லிமீற்றர் கம்பி பெரிய விடயமல்ல.

இஹ்ஸான் என்ற சொல்லை இஸ்லாம் பாடத்தில் படிக்கிறோம். எதைச் செய்தாலும் செம்மையாகச் செய்வது என்று அதற்குப் பொருள் எழுதிப் புள்ளியும் வாங்குகிறோம். யாருமே பார்க்காத அடிப்பக்க மட்காட்டைச் சரியான அளவில் வெட்டியபோது, அந்தச் சொல்லை முதன்முறையாகக் கையால் தொட்டது போல் இருந்தது.

ஏணி பொருத்திய வாகனத்தைத் தங்கையிடம் காட்டினேன். இரண்டு விரல்களை ஒவ்வொரு படியாக ஏற்றிக் கதவு வரை கொண்டு போனாள். பிறகு, "கதவு உள்ளுக்கா திறக்கும், வெளியாலயா?" என்று கேட்டாள். உள்ளே காற்றழுத்தம், வெளியே வெற்றிடம். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. அதற்கான பதிலைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.