பழி லேப்காரர் மேல்

"போன்ல பளிச்சுன்னு இருந்த படம். லேப்காரன் கெடுத்துட்டான்." கல்யாண ஆல்பம் பிரிக்கப்படும் வீடுகளில் வருடக்கணக்காக இதையே கேட்கிறேன். வீட்டார் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படம் எடுத்தவரே பக்கத்தில் நின்று தலையாட்டுவதுதான் எனக்கு ஆறவில்லை.

மெஷின் பழசு, கெமிக்கல் மட்டம் என்பது முதல் குற்றச்சாட்டு. கெமிக்கல் கெட்டிருந்தால் வெள்ளை வேட்டியிலேயே சாயம் தெரிந்துவிடும். வேட்டி வெள்ளையாக இருக்கும்போது மெஷினை ஏன் இழுக்கிறீர்கள்?

'சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிக் கொடுத்தும் டல்லடிக்கிறது' என்பது அடுத்தது. யார் மாற்றச் சொன்னது? சில்வர் ஹாலைடு பேப்பரில் படத்தைப் பதிப்பது சிவப்பு, பச்சை, நீல ஒளி. அதற்கு ஆர்ஜிபி ஃபைல்தான் வேண்டும். நாலு மை அச்சுக்கான எல்லைக்குள் நிறத்தை நீங்களே சுருக்கிக் கொடுத்துவிட்டு, சுருங்கிவிட்டது என்று புகார் சொல்வது அநியாயம்.

'போனில் இருந்த வெளிச்சம் பேப்பரில் எங்கே போயிற்று?' இதுதான் எல்லோரும் வெல்ல முடியாததாக நினைக்கும் வாதம். பேப்பருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மேலே விழுவதைத்தான் திருப்பித் தரும். கணக்குப் போட்டே பார்க்கலாம். இரவில் டியூப்லைட் எரியும் ஹாலில், ஆல்பம் இருக்கும் இடத்தில் 150 லக்ஸ் விழுவதாக வைத்துக்கொள்வோம். 90 சதவீதத்தைத் திருப்பும் நல்ல வெள்ளைப் பேப்பர்கூட அதில் சதுர மீட்டருக்குச் சுமார் 43 கேண்டெலாதான் தரும். பக்கத்தில் வைத்து ஒப்பிடும் போனோ 500ஐச் சாதாரணமாகத் தாண்டுகிறது. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! அச்சைப் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3664 தரமே சாதாரணப் பார்வைக்கு 500 லக்ஸ், நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ் கேட்கிறது. அந்த 500இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத வெளிச்சத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லலாமா?

அதே பக்கத்தைக் காலையில் வாசல் நிழலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கறுப்பாக அப்பிக் கிடந்த பெண்ணின் பின்னல் இழை இழையாகப் பிரியும். அரக்குப் புடவையின் முந்தியில் ஜரிகை மாங்காய்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். அத்தனையும் ராத்திரியும் அந்தப் பேப்பரில் இருந்தவைதான்.

மயில்கழுத்து நீலம் போன்ற சில நிறங்கள் திரையில் மின்னுகிற அளவுக்குப் பேப்பரில் வராது. அதற்காக ஆல்பம் முழுவதும் இருண்டுபோகாது.

இருட்டு பெரும்பாலும் எடிட்டிங் மேஜையிலேயே உண்டாகிறது. மானிட்டர் முழு வெளிச்சத்தில் எரிய, கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை படத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். குறைத்த படம் குறைந்தபடியே அச்சாகிறது. மானிட்டரை 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வையுங்கள். ஆல்பத்துக்கு முன் ஒரு டெஸ்ட் பிரிண்ட் போட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இந்த இரண்டையும் செய்யாதவருக்கு லேப்காரரைக் குறை சொல்ல வாயில்லை.