வெள்ளை வளையம் போதாது

கொழும்புக்கு விமானம் ஏறும் மாட்டுங்கா, செம்பூர் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் நுவரெலியா தவறாது. சீதை அம்மன் கோயில், தேயிலைத் தோட்டம், ஒரு கப் டீ. அதே ஊருக்குக் கழுத்தில் பைனாகுலருடன் வருகிறவர்களின் தேடல் வேறு. விரல் நீளமே உள்ள ஒரு பச்சைக் குருவி: இலங்கை வெள்ளைக்கண்ணி. அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது.

கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது போல் வளையம். அதைப் பார்த்த வேகத்தில் நோட்டில் பெயரை எழுதிவிடுகிறவர்கள் உண்டு. சிக்கல் அங்கேதான். அதே வளையத்துடன் இந்திய வெள்ளைக்கண்ணியும் இலங்கையில் இருக்கிறது, மலைப்பகுதிகளிலும் தென்படும். மும்பைக்காரர்கள் அதைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டாம், போரிவலி தேசியப் பூங்கா போதும்.

இந்தியப் பறவையின் முதுகு மஞ்சள் கலந்த பளிச்சென்ற பச்சை. இலங்கைப் பறவை சற்றுப் பெரிது. பச்சையும் மங்கிக் கறுத்திருக்கும். ஆனால் வெயில் விழுந்தால் மங்கலும் பளிச்சிடும், மலைப் பனிமூட்டத்தில் பளிச்சென்றதும் மங்கும். கூட்டமாக வந்து பூவுக்குப் பூ தாவும் குருவியை நிதானமாகப் பார்க்க முடிந்தால் அதிர்ஷ்டம்.

முத்துக்குளிப்பை ஆராய இலங்கை சென்ற ஹோல்ட்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர்தான் 1872-ல் இதைத் தனி இனமாக விவரித்தார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இலங்கை, இந்திய விஞ்ஞானிகளும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட மரபணு ஆய்வு அதை மறுத்தது. இரண்டும் உடன்பிறப்புகள் அல்ல. தனித்தனியாகத் தீவுக்கு வந்து குடியேறியவை.

காப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. (அந்த வேலைக்குக் கூட்டிச்செல்லப்பட்டவர்கள் தமிழர்கள்.) குருவி தோட்டங்களிலும் சமாளிக்கிறது. ஆனால் வெப்பம் கூடினால் மேலே ஏறிப்போக அதிக இடமில்லை. தீவின் உச்சியான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். எந்த உயரம் வரை எந்த இனம் என்ற கணக்கு அதனால்தான் முக்கியம். தாழ்வான ஊரில் கண்ட இந்தியக் குருவியை இலங்கைக் குருவி என்று ஒருவர் எழுதினால், சுருங்கும் எல்லை விரிந்ததாகத் தெரியும்.

அனுபவசாலிகள் உயரத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்தே குறிக்கிறார்கள். சந்தேகம் தீராவிட்டால் 'வெள்ளைக்கண்ணி, எந்த இனமென்று தெரியவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்கிறார்கள்.