அரசின் சுவர் வேறு, மனிதனின் தலை வேறு!



சர்தார்ஜி ஜோக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யாராவது உண்டா? வார இதழ்களின் துணுக்குப் பக்கத்தில் படித்தோம். அப்புறம் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. இப்போ வாட்ஸ்அப்பில் வருது. ஒரு சீக்கியரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிராத நம்மில் பலருக்கு, அந்த மக்களைப் பற்றி முதலில் கிடைத்த ‘தகவல்’ அதுதான். தலையில் ஒரு துணி, முகத்தில் தாடி, கூடவே ஒரு கேலிச் சிரிப்பு. அந்தத் துணிக்காக உலகம் முழுக்க என்னென்ன போராட்டம் நடந்தது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று அதைப் பேசுவோம். காரணம் இருக்கு. மத அடையாளத்தோடு ஒருவர் பொதுவாழ்வுக்கு வரலாமா என்ற கேள்வி நம்மைச் சுற்றியும் எழுந்துகொண்டேதான் இருக்கிறது. தொப்பி போட்டவர் மேடையில் உட்கார்ந்தால் ஒரு கூட்டம் கொதிக்கிறது. நெற்றியில் விபூதியோடு ஒரு தோழர் வந்தால், “இவர் நம்ம ஆளுதானா?” என்று நம்மவர்களே காதைக் கடிக்கிறார்கள். இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்பதற்குச் சீக்கியர்களின் வரலாற்றில் தெளிவான பதில் இருக்கிறது.

1699-ஆம் ஆண்டு வைசாகி நாளில், பஞ்சாபின் அனந்தபூரில் பத்தாவது குருவான குரு கோபிந்த் சிங் கால்சா அமைப்பைத் தொடங்கினார். முதலில் முன்வந்த ஐந்து பேரில் தண்ணீர் சுமப்பவரும் இருந்தார், நாவிதரும் இருந்தார் என்கிறது சீக்கிய மரபு. ஆண்களுக்கெல்லாம் ‘சிங்’, பெண்களுக்கெல்லாம் ‘கவுர்’. பெயரைக் கேட்டு சாதியைக் கண்டுபிடிக்கும் வழியையே அடைக்கும் முயற்சி அது. வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளையம், அரைக்கச்சை, கிர்பான் என்று ஐந்து அடையாளங்கள் வந்தன. எந்தக் கூட்டத்திலும் இவர் சீக்கியர் என்று தெரிய வேண்டும். ஆபத்தில் இருக்கிறவர் இவரைத் தேடி வரலாம், இவர் ஒளிந்துகொள்ள முடியாது. அடையாளத்தோடு சேர்ந்தே பொறுப்பும் வந்தது என்பதை மனதில் வையுங்கள்.

இப்போ கனடாவுக்கு வாங்க. மலேசியாவில் பிறந்து கனடாவில் குடியேறிய இளைஞர் பல்தேஜ் சிங் தில்லான். அந்த நாட்டின் புகழ்பெற்ற ராயல் கனடியன் மவுண்டட் போலீஸில் சேர விண்ணப்பித்தார். தகுதி எல்லாம் சரி. ஆனா அந்தப் படையின் விதிப்படி தாடிக்கும் தலைப்பாகைக்கும் இடமில்லை. வேலை வேணுமா, தலைப்பாகை வேணுமா? இதுதான் அவர் முன் வைக்கப்பட்ட கேள்வி. ரெண்டும் வேணும் என்றார் அவர். நாடே இரண்டுபட்டது. தலைப்பாகைக்கு எதிரான மனுக்களில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். கேலிச் சித்திரம் போட்ட பேட்ஜுகள் விற்றன. 1990-இல் கனடா அரசு விதியை மாற்றியது. 1991-இல் தலைப்பாகையோடு பயிற்சி முடித்து வெளியே வந்தார் தில்லான்.

அதற்கப்புறம் என்ன ஆச்சு? வானம் இடிந்து விழுந்ததா? சுமார் முப்பது ஆண்டுகள் அவர் போலீஸ் வேலை பார்த்தார். 1985-இல் 329 பேரைப் பலிகொண்ட ஏர் இந்தியா விமானக் குண்டுவெடிப்பை விசாரித்த குழுவிலும் பணியாற்றினார். சீக்கியத் தீவிரவாதிகள் செய்த குற்றம் அது. தலைப்பாகை கட்டிய அதிகாரி அதை விசாரித்தார். ‘தன் மதத்துக்காரனுக்குச் சாதகமாக நடப்பான்’ என்ற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் இருக்கா? 2025 பிப்ரவரியில் அவர் கனடா செனட்டின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

இங்கிலாந்தில் கதை இன்னும் பழசு. 1967-இல் வுல்வர்ஹாம்டன் நகரத்தில் தர்சேம் சிங் சந்து என்ற பேருந்து ஓட்டுநர் தாடியும் தலைப்பாகையுமாக வேலைக்கு வந்தார். வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இரண்டு ஆண்டுகள் ஊர்வலம், பேச்சுவார்த்தை, மிரட்டல். அதே நகரத்து எம்.பி.யான ஈனாக் பவல் 1968 ஏப்ரலில் குடியேறிகளுக்கு எதிராக நிகழ்த்திய பேர்போன வெறுப்புப் பேச்சில், இந்தச் சீக்கியர்களின் கோரிக்கையையும் இழுத்தார். கடைசியில் 1969 ஏப்ரலில் நகர நிர்வாகம் தடையை விலக்கியது. ஒரு பஸ் டிரைவர் தொடங்கிய போராட்டம் அது. 2017-இல் ஸ்லோ தொகுதியில் இருந்து தன்மன்ஜீத் சிங் தேசி வென்று, பிரிட்டன் நாடாளுமன்ற மக்களவையின் முதல் தலைப்பாகை உறுப்பினரானார். பாதை போட்டவர் டிரைவர், அதில் நடந்தவர் எம்.பி.

தோழர்களே, இதுவரை சொன்னது உரிமைக் கதை. இனிமேல் சொல்லப்போவதுதான் நாம் முக்கியமாகக் கற்க வேண்டியது.

2017 செப்டம்பர். கனடாவின் புதிய ஜனநாயகக் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்ட ஜக்மீத் சிங், பிராம்ப்டன் நகரில் ஆதரவாளர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு பெண்மணி முகத்துக்கு நேரே வந்து, நீ ஷரியா சட்டத்தைக் கொண்டுவரப் பார்க்கிறாய் என்று கத்துகிறார். அவரை முஸ்லிம் என்று நினைத்துவிட்டார். “அம்மா, நான் முஸ்லிம் இல்லை, சீக்கியன்” என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஜக்மீத் அப்படிச் சொல்லவே இல்லை. அன்பாகவே பேசி அனுப்பினார். ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டபோது அவர் தந்த விளக்கத்தின் சாரம் இது: நான் முஸ்லிம் இல்லை என்று சொன்னால், முஸ்லிமாக இருந்திருந்தால் இந்த வெறுப்பு சரிதான் என்று ஆகிவிடும்.

கொஞ்சம் நின்று யோசியுங்க. இந்தத் தவறான அடையாளத்துக்குச் சீக்கியர்கள் கொடுத்த விலை சாதாரணமானதா? 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த நான்காம் நாள், அமெரிக்காவின் அரிசோனாவில் பெட்ரோல் பங்க் நடத்திய பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையைப் பார்த்தே கொன்றான். 2012-இல் விஸ்கான்சினில் ஓக் கிரீக் குருத்வாராவில் புகுந்து சுட்டான் ஒரு வெள்ளை இனவெறியன். அப்படிப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், தப்பிக்க வழி கையில் இருந்தும், பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுத்துத் தப்பிக்கவில்லை. அதுதான் தலைமைப் பண்பு.

பிரிட்டன் எம்.பி. தேசியும் இதையே செய்தார். பர்தா அணியும் முஸ்லிம் பெண்களைத் தபால்பெட்டியோடு ஒப்பிட்டு எழுதியவர் போரிஸ் ஜான்சன். 2019 செப்டம்பரில் பிரதமர் நாற்காலியில் இருந்த அவரை நேருக்கு நேர் பார்த்து, மன்னிப்புக் கேளுங்கள் என்றார் தேசி. சின்ன வயசில் இருந்து தலைப்பாகைக்காகத் தான் கேட்ட ஏச்சுகளைச் சொல்லி, அந்தப் பெண்களின் வலி தனக்குத் தெரியும் என்றார். அவை கைதட்டியது.

இது தற்செயலா? இல்லை. 1675-இல் டெல்லியில் தலை வெட்டப்பட்ட ஒன்பதாவது குரு தேக் பகதூர், காஷ்மீரப் பண்டிதர்களின் மத உரிமைக்காக நின்றவர் என்று சீக்கியர்கள் போற்றுகிறார்கள். தன் மதத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் உலகில் பலர். அடுத்தவர் மதத்துக்காகக் கொடுத்தவரை நினைவில் வைத்திருக்கும் சமூகம் இது.

நம் நாட்டுக்கு வருவோம். 1984-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபின் நடந்த வன்முறையில், டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசின் கணக்கே சொல்கிறது. உயிர் பிழைக்க முடியை வெட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். இருபது ஆண்டுகள் கழித்து, நீல நிறத் தலைப்பாகையோடு மன்மோகன் சிங் இந்த நாட்டின் பிரதமரானார். 2005 ஆகஸ்டில் மாநிலங்களவையில், அந்தப் படுகொலைக்காகத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். சீக்கியரிடம் மட்டுமின்றி நாடு முழுவதிடமும் கேட்டார். பாதிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பொறுப்பு என்றால் என்னவென்று அந்தத் தலைப்பாகை நாட்டுக்கே காட்டியது.

சரி, எதிர்க்கேள்வியும் நியாயமானதுதான். அரசு மதச்சார்பற்றதாக இருக்க வேண்டாமா? கட்டாயம் வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணம் 2019-இல் கொண்டுவந்த சட்டம் அதைத்தான் காரணமாகச் சொல்கிறது. ஆசிரியர், போலீஸ் போன்ற பணிகளுக்குப் புதிதாக வருவோர் பணி நேரத்தில் மதச் சின்னம் அணியக் கூடாது. அதே ஆண்டில் அந்த மாகாண சட்டமன்றச் சுவரில் தொங்கிய சிலுவையும் எடுக்கப்பட்டது. சிலுவையை எடுத்தது சரி. ஏனென்றால் சுவர் எல்லோருக்கும் பொது. ஆனால் ஆசிரியரின் தலை அவருடையது. அவர் கணக்குச் சொல்லித் தரும்போது தலைப்பாகை கூடவே மதம் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்தால் அப்போ கேளுங்க, நடவடிக்கை எடுங்க. சுவருக்கு வேண்டிய விதியைத் தலைக்கும் போட்டால், பெரும்பான்மையின் தோற்றமே ‘பொது’ என்றாகிவிடும். மற்றவர் மட்டும் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டியிருக்கும்.

நம் அரசியல் சட்டம் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. 25-ஆவது பிரிவின் விளக்கம், கிர்பான் அணிவதும் எடுத்துச் செல்வதும் சீக்கிய மதத்தைக் கடைப்பிடிப்பதில் அடங்கும் என்கிறது. மறுபக்கம், 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு, மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது தேர்தல் முறைகேடு என்கிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று பெரும்பான்மைத் தீர்ப்புச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படியுங்க. அடையாளத்தோடு வா, அடையாளத்தைக் காட்டி ஓட்டுக் கேட்காதே. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. தலைப்பாகை கட்டாதவர் குறைந்த சீக்கியர் என்று யாரும் அளக்க வேண்டியதில்லை. 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசியர் தலிப் சிங் சவுந்த், தலைப்பாகை இல்லாமல்தான் அங்கே நின்றார். கட்டுவதும் கட்டாததும் அவரவர் முடிவு. கட்டாயப்படுத்திக் கட்ட வைப்பதும் தப்பு, கட்டாயப்படுத்திக் கழற்ற வைப்பதும் தப்பு.

எனவே தோழர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒருவர் தொப்பியோடு வரட்டும், சிலுவையோடு வரட்டும், விபூதியோடு வரட்டும், தலைப்பாகையோடு வரட்டும், எதுவுமே இல்லாமல் வரட்டும். மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்க. தன் அடையாளத்துக்குக் கேட்கும் மரியாதையை அடுத்தவர் அடையாளத்துக்கும் தருகிறாரா? தன் மதத்துக்காரன் தப்பு செய்தாலும் சட்டத்தின் பக்கம் நிற்கிறாரா? தன் மதத்தைக் காட்டி ஓட்டுக் கேட்காமல் இருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால், அவர் நம் தோழர். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அவர் நெற்றி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நமக்கு அவர் வேண்டாம்.

அப்புறம், அடுத்த முறை யாராவது சர்தார்ஜி ஜோக் அனுப்பினால், பதிலுக்கு அந்த வுல்வர்ஹாம்டன் பஸ் டிரைவரின் கதையை அனுப்புங்க. தெரியாதவங்க தெரிஞ்சுக்கட்டும்.