வில்லங்கம் மண்ணுக்கு அடியில்

வீடு வாங்கப் போகிறவர் 30 வருடத்து வில்லங்கச் சான்றிதழ் கேட்கிறார். மூலப் பத்திரம், காத்தா, வரி ரசீது எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுகிறார். வாஸ்து பார்ப்பவருக்குத் தனிக் கட்டணம். கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தமிழில் எம்.ஏ. முடித்த நானும் கேட்கவில்லை.

மைசூர் சாமராஜபுரத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. முன்பணம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. மனைவிக்கு முற்றம் பிடித்துப்போனது, எனக்கு விலை. கூட வந்த பிளம்பர்தான் பின்கட்டில் நின்று மூக்கைச் சுளித்தார்.

இந்தப் பேட்டைகளின் கதை பிளேக்கில் தொடங்குகிறது. 1890களின் இறுதியில் கொள்ளைநோய் தாக்கியது. 1903இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. நெரிசல் இல்லாத புதிய பகுதிகள் உருவாயின. வீட்டு வரிசைகளின் முதுகுப்புறம் ஒரு குறுகிய சந்து விட்டார்கள். மலக்கூடை சுமப்பவர் முன்வாசல் பக்கம் வராமல் போக வழி. ஊரின் சுகாதாரமும் தீட்டும் ஒரே வரைபடத்தில்! பாதாளச் சாக்கடை வந்தபோது பல இடங்களில் குழாயும் அந்தச் சந்திலேயே இறங்கியது. இன்று சில சந்துகளின் மேல் சமையலறையே நிற்கிறது. குழாய் உடைந்தால் எங்கே தோண்டுவது?

பிளம்பரின் சோதனை எளியது. சேம்பர் மூடிகளைத் திறந்தார். கடைக்கோடிக் கழிவறையில் மஞ்சள் கரைத்த நான்கு வாளித் தண்ணீரை ஊற்றினார். வெளிச் சேம்பரில் மஞ்சள் சீக்கிரம் வந்தாக வேண்டும். வரவில்லை. உள் சேம்பரில் மட்டம் ஏறியது. மறுநாள் கேபிள் நுனியில் கேமராவைக் கட்டி உள்ளே விட்டார்கள். சுட்ட மண் குழாயின் இணைப்பு விரிந்து, சடை மாதிரி வேர். அதற்கு அப்பால் குழாய் உட்கார்ந்துபோயிருந்தது, அண்டை வீட்டுச் சமையலறைக்கு நேர் கீழே.

"அடைச்சா ஆள் வருவான் சார், இறங்கிக் குத்திட்டுப் போவான்" என்றார் வீட்டுக்காரர் சாவகாசமாக. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. வீட்டுக்காரருக்கு இதெல்லாம் செய்தி.

புறநகரில் புது வீடு என்றால் பிரச்சினை வேறு. 'யு.ஜி.டி. உண்டு' என்று விளம்பரத்தில் போடுவார்கள். மைசூருக்கு வித்யாரண்யபுரம், ராயனகெரே, கேசரே என்று சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. லேஅவுட் குழாய் அவற்றுக்குப் போகும் பெரிய குழாயில் சேர்ந்திருக்கிறதா, பக்கத்து ராஜகால்வாயில் முடிகிறதா? இணைப்பு ரசீதைக் கேளுங்கள். கடைசி மேன்ஹோல் வரை ஒருமுறை நடந்தும் பாருங்கள். முடிந்தால் மழைக்காலத்தில்.

வீட்டுக்காரர் விலையைக் குறைக்கத் தயார்தான். அண்டை வீட்டார் சமையலறையை உடைக்கத் தயாராக இல்லை. நாங்கள் விலகிக்கொண்டோம். முற்றத்தை நினைத்து மனைவி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அடுத்த மாதமே வீடு விற்றுப்போனதாகத் தரகர் சொன்னார். வாங்கியவர் வாஸ்து பார்த்துத்தான் வாங்கினாராம்.