ஊருக்குப் போனால் இளைப்பு நிற்பது ஏன்?

மும்பையில் பிழைக்க வந்த தமிழ்த் தொழிலாளர்களிடம் வழக்கமான பேச்சு ஒன்று உண்டு. "பம்பாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, ஊரில் பத்து நாள் இருந்தால் நெஞ்சு லேசாகிவிடுகிறது" என்பார்கள். திரும்பி வந்து வேலையில் சேர்ந்த சில நாட்களில் இருமலும் இளைப்பும் மறுபடி தொற்றிக்கொள்ளும். பழி தண்ணீர் மீதும் கடற்காற்றின் மீதும் விழும்.

எல்லா இளைப்பும் வேலையால் வருவதல்ல. ஆனால் ஊருக்குப் போனால் நிற்கிற, வேலைக்கு வந்தால் திரும்புகிற இளைப்புக்கு, வேலை செய்யும் இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேக்கரியில் பறக்கும் கோதுமை மாவு, தச்சுப் பட்டறையின் மரத்தூள், கார்களுக்கு அடிக்கும் ஸ்பிரே பெயிண்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், சால்டரிங் புகை ஆகியவை ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியவை. வேலையில் சேர்ந்த அன்றே நோய் வராது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், உடம்பு பொறுத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் அந்தப் பொருளையே பகையாகக் கொண்டுவிட்டால், பிறகு துளியளவு போதும், மூச்சு முட்ட. வேலை நேரத்தில் ஒன்றும் செய்யாமல், இரவில் படுத்த பிறகு இழுப்பு வருவதும் உண்டு. அதனால்தான் வேலையின் மேல் சந்தேகம் வருவதில்லை.

பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் நூற்றுக்கு 16 வரை வேலைச் சூழலோடு தொடர்புடையது என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2019-ல் கூட்டாகக் கணித்தன.

நோயாளியிடம் "என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்க வேண்டும் என 1700-ம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ராமசினி எழுதி வைத்தார். முந்நூறு வருடம் கடந்த பிறகும், கூட்டம் நெரியும் ஆஸ்பத்திரிகளில் அந்தக் கேள்விக்கு நேரம் கிடைப்பதில்லை. மருந்துச் சீட்டு கிடைக்கிறது. தொழிலாளி அதே தூசிக்குத் திரும்புகிறார்.

"வேலையை விட்டுவிடு" என்று சொல்வது சுலபம். ஊரில் கடன், இங்கே வாடகை என்றிருப்பவர் எப்படி விடுவார்? ஆனால் தாமதமும் ஆபத்தே. சீக்கிரம் கண்டுபிடித்து அந்தப் பொருளிலிருந்து விலகியவர்களுக்கே குணமாகும் வாய்ப்பு அதிகம். வருடக்கணக்கில் அதிலேயே உழன்றவருக்கு, வேலையை விட்ட பிறகும் நோய் நிலைத்துவிடலாம்.

எனவே பொறுப்பு முதலாளிகளுடையது. முகத்தில் கைக்குட்டை கட்டச் சொல்வது பாதுகாப்பு ஆகாது. ஐசோசயனேட் ஆவியைத் துணி தடுக்காது. பெயிண்ட் அடிக்கத் தனி அறையும், சுத்தமான காற்று குழாய் வழியே வரும் முகமூடியும் வேண்டும். தூசி கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சும் கருவி வேண்டும். மாவைத் துடைப்பத்தால் கூட்டுவதையும் காற்றுக் குழாயால் ஊதுவதையும் நிறுத்தி, வாக்குவம் கருவி வைக்க வேண்டும். நோய் கண்டவரை விரட்டாமல், சம்பளம் குறைக்காமல், தூசியில்லாத வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும்.

தொழிலாளர்களும், வேலை நாளில் எப்படி, லீவு நாளில் எப்படி என்பதைக் குறித்து வைத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் விலை அதிகமில்லாத கருவி. தினம் நான்கு முறை வீதம், லீவு நாட்களும் சேர்த்து இரண்டு முதல் நான்கு வாரம் ஊதிக் குறித்தால், சந்தேகம் சரியா என்று டாக்டருக்குப் பெரும்பாலும் விளங்கிவிடும். அவர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவது நல்லதே. வருடத்தில் ஒரு நாள் நெஞ்சுப் பரிசோதனை முகாமும் நடத்தட்டும். சில மீட்டர்களை வாங்கி வைத்து, தேவைப்படுவோருக்கு இரவல் கொடுக்கட்டும். சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இதில் ஆவன செய்ய முன்வருமா?